நம்ம செஸ் குரூப்: டிஜிடி போர்டை லெப்டொப்புக்குக் கொடுக்கிறது

மேல் டிவிஷன் தம்பி, 6:12
சேர், வாசிகசாலைக்கு வந்த டிஜிடி போர்டை (காய் எங்க இருக்குனு கம்பியூட்டருக்குச் சொல்ற செஸ் போர்டு) லெப்டொப்ல குத்திட்டேன். டிஜிடியோட லைவ்செஸ் புரோகிராமைத் திறந்தா போர்டே காட்டலை. போர்டு பழுதா?

கம்பியூட்டர் அண்ணா, 6:15
அவசரப்பட்டு பழுதுனு சொல்லாதீங்க தம்பி. ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணி டிவைஸ் மெனேஜர் போங்க. போர்ட்ஸ்ங்கிற வரியை விரிச்சா "யூஎஸ்பி சீரியல் போர்ட்"னு இருக்கணும், பக்கத்துல கொம் 3, கொம் 4 மாதிரி ஒரு நம்பர். கேபிளைக் கழட்டினா அந்த வரி மறையணும், குத்தினா திரும்ப வரணும்.

மேல் டிவிஷன் தம்பி, 6:19
கழட்டினாலும் குத்தினாலும் ஒண்ணும் ஆகலை

கம்பியூட்டர் அண்ணா, 6:20
அப்ப கேபிள்தான். போன் சார்ஜ் கேபிள் சிலதுல கரண்ட் வயர் மட்டும் இருக்கும், டேட்டா வயர் இருக்காது. போர்டு பெட்டியில வந்ததைப் போடுங்க. நடுவுல ஹப் இருந்தா எடுத்துட்டு நேரா லெப்டொப்ல.

மேல் டிவிஷன் தம்பி, 6:26
இப்ப வருது அண்ணா, ஆனா மஞ்சள் முக்கோணத்தோட 🙄

கம்பியூட்டர் அண்ணா, 6:27
நல்லது, போர்டு உயிரோட இருக்கு 😀 முக்கோணம்னா டிரைவர் ஏறலை. எஃப்டிடிஐ டிரைவர் வேணும், போர்டோட யூஎஸ்பி சிப்பை விண்டோஸுக்குப் புரிய வைக்கிற சின்ன புரோகிராம். நெட் இருந்தா விண்டோஸ் அப்டேட்டே எடுத்துக்கும். உங்க பக்கம் சிக்னல் இல்லேன்னா டவுன்ல வச்சு பென் டிரைவ்ல இறக்கிக்குங்க.

கணக்கு டீச்சர், 6:31
சேர், பிள்ளைகள் நெட் இல்லாம ஸ்டொக்ஃபிஷ்ங்கிற கம்பியூட்டர் ஆட்டக்காரனோட விளையாட லைவ்செஸ் போதுமா?

செஸ் சேர், 6:38
போதாது டீச்சர். லைவ்செஸ் ஆட்டத்தைப் பதியவும் நெட்ல காட்டவும்தான். ஸ்டொக்ஃபிஷ் நகர்வைக் கணக்குப் போடுற வெறும் என்ஜின், ஸ்கிரீன்ல காட்ட அதுக்கு முகம் கிடையாது. நடுவுல அரீனா மாதிரி ஒரு புரோகிராம் வேணும் (இலவசம்), ஃப்ரிட்ஸ் வாங்கியிருந்தா அதுவும் சரி. அந்தப் புரோகிராம் போர்டோட பேச ரெபிட்னு டிஜிடியோட ஒரு பிளக்-இன் இருக்கு. அதுக்குள்ள போய் அண்ணா சொன்ன அதே கொம் நம்பரைக் கொடுக்கணும். 64 பிட் புரோகிராமுக்கு 64 பிட் ஃபைல், 32க்கு 32. மாறினா ஏத்துக்காது.

எல்லாரும் மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு: ஒரு கொம் போர்ட்டை ஒரு நேரத்துல ஒரு புரோகிராம்தான் பிடிக்கும். லைவ்செஸ் பின்னால ஓடிக்கிட்டிருந்தா ரெபிட்டுக்கு போர்டு கிடைக்கவே கிடைக்காது. ஜன்னலை மூடினா பத்தாது, ஸ்கிரீன் கீழ மூலையில நேரம் காட்டுற இடத்துக்குப் பக்கத்துல ஐகொன் இருந்தா அதையும் மூடணும்.

கணக்கு டீச்சர், 6:41
நெட்ல செஸ் ஆடுற லிசெஸ் தளத்துல விளையாடுறதுக்கு?

செஸ் சேர், 6:45
அதுக்கு மட்டும் லைவ்செஸ் ஓடணும். லிசெஸ்ஸோட டிஜிடி பக்கத்துக்குப் போய் டோக்கன் (உங்க கணக்குல ஆட அனுமதிக்கிற சாவி) எடுத்தா, அந்தப் பக்கம் அதே லெப்டொப்ல 1982ஆம் போர்ட் வழியா (இது கொம் போர்ட் இல்ல, புரோகிராம்கள் தங்களுக்குள்ள பேசிக்கிற வழி) லைவ்செஸ்ஸோட பேசும். முன்ன பின்ன தெரியாதவங்களோட ரேபிட், கிளாசிக்கல்னு நேரம் கூடின ஆட்டம்தான் ஆடலாம், ஓரிரு நிமிஷ புல்லட்டை மறந்துடுங்க. டேட்டா கொஞ்சம்தான் போகும், போன் ஹொட்ஸ்பொட் போதும்.

மேல் டிவிஷன் தம்பி, 7:20
கொம் 4 வந்துட்டு!! ஆனா டி2 கட்டத்துல சிப்பாய் நிக்குது, ஸ்கிரீன்ல கட்டம் காலியா இருக்கு. நகர்த்தினா பிழைங்குது

செஸ் சேர், 7:23
போர்டு எந்த மேசையில இருக்கு?

மேல் டிவிஷன் தம்பி, 7:23
வாசிகசாலை இரும்பு மேசை

செஸ் சேர், 7:29
அதான். ஒவ்வொரு காய் அடியிலயும் சின்னக் கம்பிச்சுருள் இருக்கு, ராஜாவுக்கு ஒரு அலைவரிசை, குதிரைக்கு வேற. போர்டு அதை வச்சுத்தான் எந்தக் காய்னு கண்டுபிடிக்குது, காந்தம் இல்ல. கீழ இரும்பு இருந்தா அந்த அலை குழம்பும். மர மேசைக்கு மாத்துங்க. மாத்தியும் அந்தக் கட்டம் காலியா இருந்தா அங்க வேற சிப்பாய் வச்சுப் பாருங்க. புதுசு தெரிஞ்சா பழைய காய்ல பழுது, தெரியாட்டி கட்டத்துல.

இன்னொன்னு, காயைத் தள்ளிக்கிட்டே போக விடாதீங்க. ஈ2லருந்து ஈ4க்கு உரசிக்கிட்டே போனா ஈ3ல ஒரு நொடி நின்னாலும் அதுதான் நகர்வுனு எடுத்துக்கும். தூக்கி வைக்கணும். காஸ்லிங்ல (ராஜாவும் யானையும் ஒரே நகர்வுல மாறுறது) ராஜா முதல்ல, அப்புறம் யானை. சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனா யானையைக் கவுத்து வைக்கிற நம்ம பழக்கம் இங்க செல்லாது, சுருள் மேல போயிடும். செட்ல 34 காய் இருக்கும், மிச்சம் ரெண்டும் அதுக்கான ராணி.

கணக்கு டீச்சர், 7:33
ஆட்டம் முடிஞ்சதை எப்படிச் சொல்றது சேர்?

செஸ் சேர், 7:36
ரெண்டு ராஜாவையும் நடுவுல வைக்கணும். வெள்ளை ஜெயிச்சா வெள்ளைக் கட்டம் ரெண்டுல, ஈ4, டி5. கறுப்புனா ஈ5, டி4. டிரோனா (சமநிலை) ஒண்ணு வெள்ளைக் கட்டத்துல, ஒண்ணு கறுப்புல. பிள்ளைகள் உடனே காயெல்லாம் வாரிப் போட்டுடுவாங்க, அதுக்கு முன்ன இதை வைக்கச் சொல்லுங்க.

மேல் டிவிஷன் தம்பி, 7:52
மர மேசையில எல்லாக் காயும் தெரியுது சேர். செஸ் கடிகாரம் மட்டும் ஸ்கிரீன்ல வரலை. டிஜிடி 3000 மாடல்

கம்பியூட்டர் அண்ணா, 7:54
மோட் 25ல போட்டீங்களா? அதுலதான் புரோகிராம் கடிகாரத்துக்கு நேரம் கொடுக்க முடியும். போர்டுக்குப் போற வயரும் சரியா குத்தியிருக்கானு பாருங்க

மேல் டிவிஷன் தம்பி, 7:58
👍👍