ஊக்குநர் பொறுப்பு வந்துவிட்டது, தவணை கேட்கத்தான் தயக்கம்

அக்கா, தங்கைகளுக்கு வணக்கம். எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் 14 பேர். சென்ற மாதம் என்னை ஊக்குநராக, அதாவது குழுவை நடத்தும் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். தீர்மானப் புத்தகம், சேமிப்புக் கணக்கு, வங்கிக்குப் போய்வருவது எல்லாம் சரியாகச் செய்கிறேன். கடன் தவணை தவறிய ஒருவரிடம் கூட்டத்தில் கேட்கும்போதுதான் குரல் கம்மிவிடுகிறது. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பக்கத்து வீடு வேறு. போன வாரம் கேட்காமலே கூட்டத்தை முடித்துவிட்டேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை. ஒருவர் கட்டாவிட்டால் வங்கிக் கடனில் மொத்தக் குழுவுக்கும் சிக்கல்தானே?

1989-இல் தருமபுரியில் தொடங்கிய இந்தக் குழுக்களில் பல வருடம் பொறுப்பில் இருந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். முதலில் எப்படிப் பேசிப் பழகினீர்கள்? வீட்டுக்குப் போய்த் தனியாகப் பேசுவதா, கூட்டத்திலேயே கேட்பதா? நீங்கள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதினால்கூடப் போதும். அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை.