புப்ரோபெசின் தெளித்து 3 நாள்: புகையான் சாகவில்லை

வரப்பு:
நெல்லில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்குப் புப்ரோபெசின் 25 எஸ்சி (25% திரவ மருந்து) தெளித்து 3 நாள் ஆகிறது. இறக்கை முளைத்த பூச்சிகள் தூரில் (பயிரின் அடிப்பகுதியில்) அப்படியே இருக்கின்றன. சைபர்மெத்ரின் (நரம்பைத் தாக்கும் பூச்சிக்கொல்லி) சேர்த்து மறுபடி அடிக்கலாமா? சிலந்தி நிறைய இருக்கிறது.

தூர்க்கட்டு:
சைபர்மெத்ரின் வேண்டவே வேண்டாம். புகையானைத் தின்னும் சிலந்தியும், அதன் முட்டையைத் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்துப்போகும்; இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டைகளுக்கு ஒன்றும் ஆகாது. அவை பொரிக்கும்போது தின்ன ஆளிருக்காது, முன்னைவிட மோசமாகும்.

புப்ரோபெசின் நரம்பைத் தாக்கும் மருந்தல்ல. பூச்சியின் மேல்தோலுக்கு வேண்டிய கைட்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்கிறது; குஞ்சு (இளம்பூச்சி) தோலுரிக்கும்போதுதான் சாகும். அதற்கு 3 முதல் 7 நாள் பிடிக்கும். நீங்கள் பார்க்கும் வளர்ந்த பூச்சி தோலுரிப்பதில்லை, அதனால் சாகாது. ஆனால் மருந்து பட்ட பெண்பூச்சி இடும் முட்டை குறையும், இட்டதிலும் பல பொரிக்காது. 20 தூர்களைத் தட்டிக் குஞ்சுகளை மட்டும் தனியே எண்ணுங்கள். பழைய தோல் பாதி ஒட்டியபடி செத்த குஞ்சு தெரிந்தால் மருந்து வேலை செய்கிறது.

வரப்பு:
7ஆம் நாளும் குஞ்சு குறையாவிட்டால்?

நீர்மட்டம்:
பெரும்பாலும் மருந்து தூருக்கே போயிருக்காது. இது பயிருக்குள் ஊடுருவிப் பரவாது. இலைமேல் அடித்தால் வீண். தண்ணீரை வடித்து, பயிரை விலக்கி, கூம்பு முனையைத் தூரை நோக்கிப் பிடித்து அடிக்க வேண்டும். ஏக்கருக்கு 320 மில்லி, தண்ணீர் 200 லிட்டர். நடை மிச்சமாகும் என்று தண்ணீரைக் குறைப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். யூரியாவை நிறுத்தி வையுங்கள்.

தூரில் நன்றாகப் பட்டும் குறையவில்லை என்றால் பூச்சிக்கு அந்த மருந்தைத் தாங்கும் எதிர்ப்புத்திறன் வந்திருக்கலாம். அதையே திரும்ப அடிக்காமல் பைமெட்ரோசின் என்ற வேறு வகை மருந்துக்கு மாறுங்கள். அதுவும் கிளைக்கு ஒரு பூச்சி வந்த பிறகுதான்; தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் கிளைக்கு 2 வரை பொறுக்கலாம்.

நுண்நோக்கி:
ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். புப்ரோபெசின் போலப் பூச்சியின் வளர்ச்சியைக் குலைக்கும் மருந்துகள் (வளர்ச்சி ஒழுங்குபடுத்திகள்) எல்லாம் ஒரே குணமல்ல. மெத்தாக்சிஃபெனோசைடு அந்துப்பூச்சி வகைப் புழுக்களைத்தான் கொல்லும், புகையானைத் தொடாது. புப்ரோபெசினுக்குச் சிலந்தி தப்பும், தீமை செய்யும் பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டின் புழு தப்பாது. டைஃப்ளுபென்சுரான், நோவலூரான் வகை இன்னும் கவனம்: நண்டு, இறாலின் ஓட்டிலும் கைட்டின்தான். வடிகால் இறால் குளத்துக்குப் போகும் வயலில் அவற்றைத் தெளிக்கவே கூடாது.