மெயில் சர்வர் சோதிக்க டெல்நெட் இன்னும் வேணுமா?

தபால்பெட்டி:
எங்க ஆபீஸ்ல செக்யூரிட்டி ஆடிட் முடிஞ்சுது. எல்லா லினக்ஸ் சர்வர்லயும் டெல்நெட் கிளையன்டை (இன்னொரு மெஷினோட போர்ட்டுக்கு இணைஞ்சு கையால கமாண்ட் தட்டற பழைய கருவி) எடுத்துடணும்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. நான் போஸ்ட்ஃபிக்ஸ்ங்கற மெயில் சர்வரைப் பார்த்துக்கறவன். மெயில் சர்வர்கள் பேசிக்கற போர்ட் 25 திறந்திருக்கா, ஈஹெச்எல்ஓ (எஸ்எம்டிபிங்கற மெயில் நெறிமுறையோட முதல் வணக்கம்) போட்டா என்ன பதில் வருதுன்னு பார்க்க அதைத்தான் தட்டுவேன். எடுத்துடலாமா, சண்டை போடலாமா?

செவ்வந்தி:
எடுத்துடுங்க. டெல்நெட்டோட வரையறை ஆர்எஃப்சி 854 வந்தது 1983-ல. இன்னிக்கு மெயில் அனுப்பற போர்ட் 587-ல லாகின் பண்ண முதல்ல ஸ்டார்ட்டிஎல்எஸ் (பேச்சை டிஎல்எஸ் என்கிரிப்ஷனுக்கு மாத்தற கமாண்ட்) வேணும், 465-ல ஆரம்பமே டிஎல்எஸ். டெல்நெட்டை வச்சு ரெண்டுலயும் வாசப்படி தாண்ட முடியாது. மேக்ல ஹை சியராவோட (2017) அதைத் தூக்கிட்டாங்க. டிஎல்எஸ் பேசற ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் கமாண்ட் இருக்கே, போதாதா?

பழைய முனையம்:
ஆடிட்காரங்களும் நீங்களும் ஒரே குழப்பத்துல இருக்கீங்க. 23-ல காத்துக்கிட்டிருக்கற டெல்நெட் சர்வர் ஆபத்து, அதைத் தூக்குங்க. கிளையன்ட் ஒரு டிசிபி கனெக்‌ஷன் திறந்து நான் தட்டறதை அனுப்புது, அவ்வளவுதான்.

எஸ்_கிளையன்ட்ல ஸ்டார்ட்டிஎல்எஸ் போட்டா, முதல் பேச்சுவார்த்தையை அதுவே முடிச்சுக்கும், உங்க கண்ணுல காட்டாது. நடுவுல சிஸ்கோ ஏஎஸ்ஏ ஃபயர்வால்ல மெயில் பேச்சை வடிகட்டற ஈஎஸ்எம்டிபி இன்ஸ்பெக்‌ஷன் இருந்தா, "ஸ்டார்ட்டிஎல்எஸ் காணோம், இருந்தாலும் முயற்சி பண்றேன்"னு சொல்லிட்டு விழுந்துடும். டெல்நெட்ல அதே இடத்துல பேனர் (சர்வரோட முதல் வரி) பூரா நட்சத்திரமா வரும், ஸ்டார்ட்டிஎல்எஸ் இருக்கவேண்டிய வரில எக்ஸ் எக்ஸா நிக்கும். குற்றவாளி யாருன்னு உடனே தெரிஞ்சுடும்.

செவ்வந்தி:
பச்சையா பார்க்கத்தான் வேணும்னா என்சி (நெட்கேட், டெல்நெட் மாதிரியே இணைக்கற கருவி) இருக்கு.

பழைய முனையம்:
என்சில என்டர் தட்டினா வரி முடிவா வெறும் எல்எஃப்தான் போகும், எஸ்எம்டிபி கேக்கற சிஆர்எல்எஃப் ஜோடி போகாது. 2023 டிசம்பர்ல எஸ்எம்டிபி ஸ்மக்ளிங் (வரி முடிவுக் குழப்பத்தை வச்சு போலி மெயில் நுழைக்கற தாக்குதல்) வெளியானதுக்கு அப்புறம், போஸ்ட்ஃபிக்ஸ் 3.9 சிஆர்எல்எஃப் இல்லாத புள்ளியை மெயிலோட முடிவா ஏத்துக்கறதில்ல. புள்ளி வச்சுட்டு, சரின்னு சொல்ற 250 வரும் வரும்னு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இதுல வேடிக்கை, அதே மெஷின்ல சோதிச்சா ஓடும். மைநெட்வொர்க்ஸுக்கு (போஸ்ட்ஃபிக்ஸ் நம்பற முகவரிகள்) விதிவிலக்கு உண்டு.

செவ்வந்தி:
டெபியன், உபுண்டுல வர்ற ஓபன்பிஎஸ்டி என்சில பெரிய சி ஆப்ஷன் போட்டா சிஆர்எல்எஃப் போகும் சார். மேன் பேஜ்லயே இருக்கு.

நான் பயப்படறது வேற. "ஒரு டிசிபி கனெக்‌ஷன், அவ்வளவுதான்"னு நீங்க சொல்லலாம். புதுசா சேர்ந்த பையன் எங்கயோ படிச்ச பாடத்தைப் பார்த்து பாஸ்வேர்டை பேஸ்64-ஆ (வெறும் எழுத்து மாற்றம்) மாத்தி, டெல்நெட்ல ஆத் லாகின் கமாண்டுக்கு ஒட்டறான். அது என்கிரிப்ஷன்னே நம்பறான். வழியில பார்க்கற எவனும் ஒரே கமாண்ட்ல திருப்பிடுவான்.

பழைய முனையம்:
டிஎல்எஸ் இல்லாம ஆத்-ஐயே காட்டாதேன்னு சர்வர்ல ஒரு வரி போட்டிருந்தா, அந்தப் பையனுக்கு அந்த வாய்ப்பே வராது. போடாம விட்ட நிர்வாகியை விட்டுட்டு டெல்நெட்டைத் திட்டறீங்க.

செவ்வந்தி:
சர்வர் ஒத்துக்கலைன்னாலும் அவன் ஒட்டினது கம்பியில போயிடுச்சே!

தபால்பெட்டி:
சண்டைக்கு நடுவுல ஒண்ணு. எஸ்_கிளையன்ட்ல மெயில் ஃப்ரம் வரைக்கும் ஓகே. ஆர்சிபிடி டூ (மெயில் யாருக்குன்னு சொல்ற கமாண்ட்) தட்டினதும் "ரீநெகோஷியேட்டிங்"னு வந்து நிக்குது. சர்வர் பிரச்சினையா?

செவ்வந்தி:
இல்லை. வரி பெரிய ஆர்-ல ஆரம்பிச்சா எஸ்_கிளையன்ட் அதைத் தனக்கு வந்த உத்தரவா எடுத்துக்கும். பெரிய க்யூ போட்டா கனெக்‌ஷனையே மூடிடும். சின்ன எழுத்துல தட்டுங்க, எஸ்எம்டிபிக்கு ரெண்டும் ஒண்ணுதான். இல்லைன்னா கொயட் ஆப்ஷன் சேருங்க.

பழைய முனையம்:
சோதிக்கற கருவியே நம்ம கமாண்டைத் திங்குது. இதைத்தான் ஆடிட்ல சிபாரிசு பண்றாங்க.

குறிஞ்சி:
இன்னொண்ணு யாரும் சொல்லல. எஸ்_கிளையன்ட் சான்றிதழ் தப்பா இருந்தாலும் கனெக்‌ஷனைத் தொடரும். பச்சை விளக்கு எரிஞ்சுதுன்னு கிளம்பிடாதீங்க. வெரிஃபை ரிட்டர்ன் எர்ரர், வெரிஃபை ஹோஸ்ட்நேம் ஆப்ஷன் ரெண்டையும் சேர்த்தாத்தான் அது உண்மையான சோதனை. லாகின் வரைக்கும் பார்க்கணும்னா ஸ்வாக்ஸ்ங்கற எஸ்எம்டிபி சோதனைக் கருவி. டிஎல்எஸ், ஆத், மெயில் எல்லாம் ஒரே கமாண்ட்ல, ரெண்டு பக்கமும் பேசினது அப்படியே திரையில வரும். பாஸ்வேர்டை மட்டும் கமாண்ட்லயே எழுதாதீங்க, ஹிஸ்டரியில தங்கிடும். விட்டுட்டா அதுவே கேட்கும்.

தபால்பெட்டி:
அப்போ சர்வர்ல ஸ்வாக்ஸ் போட்டுடறேன். டெல்நெட் என் லேப்டாப்ல மட்டும்.

பழைய முனையம்:
வீட்டு பிராட்பேண்ட்ல பல இடத்துல 25 வெளியே போகாது. ஏடபிள்யூஎஸ் மெஷின்லயும் கேட்டு வாங்கினாத்தான் திறப்பாங்க. டைம்அவுட் வந்தா "சர்வர் டவுன்"னு இங்க வந்து எழுதாதீங்க.

செவ்வந்தி:
இதை மட்டும் ஒத்துக்கறேன் சார்.