கையெழுத்து வராத பிள்ளைக்குப் போனில் எழுதக் கொடுக்கலாமா?

மேலூர் அம்மா:
மகன் ஐந்தாம் வகுப்பு. பாடத்தைக் கேட்டால் மளமளவென்று சொல்வான், அதையே நோட்டில் எழுதச் சொன்னால் 10 நிமிடத்தில் இரண்டு வரி, அதுவும் கோட்டை விட்டு ஏறி இறங்கும், பென்சிலை அழுத்திப் பிடித்து விரல் சிவந்துவிடும். டிஸ்கிராபியா, அதாவது கையால் எழுதுவதில் வரும் கற்றல் குறைபாடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மாதமாகப் போனில் தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சுப் பலகையைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நேற்று மாட்டுத்தாவணி போய்வந்ததைப் பற்றி 11 வரி தட்டியிருக்கிறான்! வகுப்பு டீச்சரோ இதையெல்லாம் பழக்காதீர்கள் என்கிறார்.

திருமங்கலம் வாத்தியார்:
டீச்சர் சொல்வதுதான் சரி, தங்கச்சி. 32 வருடம் தொடக்கப் பள்ளியில் இருந்தவன் நான். கிறுக்கிக்கொண்டு வந்த பிள்ளைகளை மணலில் விரலால் எழுதவைத்து, அப்புறம் சிலேட்டு, அப்புறம் இரட்டைக் கோடு நோட்டு என்று தேற்றியிருக்கிறோம். கை பழகாமல் எழுத்து மனதில் நிற்காது. பத்தாம் வகுப்புப் பரீட்சை பேப்பரில்தான், அன்றைக்கு என்ன செய்வான்?

உசிலம்பட்டிக்காரன்:
ஐயா, மணலில் எழுதி, சிலேட்டில் எழுதி, இம்போசிஷன் எழுதியும் எனக்கு வரவில்லை. விடை சரியாக இருந்தும் எழுத்து புரியவில்லை என்று மார்க் போனது, சோம்பேறி என்று பெயர் வந்தது. இன்று பகல் முழுக்க கம்ப்யூட்டரில் தட்டித்தான் சம்பாதிக்கிறேன். அந்தப் பையனுக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

வட்டார வள மைய சிறப்பாசிரியை:
மணல் பயிற்சியை நாங்களும் செய்கிறோம், விடச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பிள்ளைகள் தமிழில் எங்கே இடறுகிறார்கள் என்று பாருங்கள் ஐயா. கு, சு, து, மு எல்லாவற்றிலும் இருப்பது ஒரே உகரம், வடிவமோ ஒரே மாதிரி இல்லை. 'கெ' என்று சொல்லும்போது எகரம் பின்னால் வருகிறது, எழுதும்போது கொம்பை முன்னால் போட வேண்டும், 'கொ' என்றால் இரண்டு பக்கமும். கையைச் சமாளிப்பதா, இதை ஞாபகம் வைப்பதா, சொல்ல வந்ததைச் சொல்வதா? தமிழ்99இல் க, உ தட்டினால் கு. க, எ தட்டினால் கெ. அ, ம, ம, ஆ தட்டினால் புள்ளியை அதுவே வைத்து அம்மா வந்துவிடும். காதில் கேட்கிற வரிசையிலேயே விரல் போகிறது. அதனால் அவன் எழுத்தை விட்டு ஓடவில்லை, உயிரும் மெய்யும் சேர்வதைத் தன் விரலாலேயே பார்க்கிறான்.

திருமங்கலம் வாத்தியார்:
இந்தக் கொம்பு விஷயம் நான் யோசிக்காதது, ஒத்துக்கொள்கிறேன். பரீட்சைக்குப் பதில் இன்னும் வரவில்லையே அம்மா.

வட்டார வள மைய சிறப்பாசிரியை:
2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்கிராபியாவும் இருக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவருக்கு யுபிஎஸ்சி தேர்வில் எழுத ஆள் தர மறுத்த வழக்கில், 40 சதவீதக் குறைபாடு இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. நம் பொதுத் தேர்விலும் எழுத ஆளும் கூடுதல் நேரமும் கேட்டுப் பெறலாம். ஆனால் குறைபாட்டுச் சான்றிதழுக்குப் பத்தாம் வகுப்பில் ஓடாதீர்கள், இப்போதே வாங்கிவையுங்கள். இன்னொன்று, அடுத்தவர் எழுதும் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்வதும் ஒரு பழக்கம். அதற்கு வாய்ஸ் டைப்பிங் நல்ல பயிற்சி. நம் ஊர்ப் பேச்சில் "அவய்ங்க போனாய்ங்க" என்றால் அது தடுமாறும், எழுத்துத் தமிழில் "அவர்கள் போனார்கள்" என்று சொல்லத் தானாகவே பழகுவான்.

திருமங்கலம் வாத்தியார்:
சரி, தட்டட்டும். நெட்டை அணைத்துவிட்டுக் கொடுங்கள். ஆனால் தினமும் 10 நிமிடம் மணல் கட்டாயம், பேங்க் செலான் நிரப்ப யாரையும் எதிர்பார்த்து நிற்கக் கூடாது. இதில் நான் மாற மாட்டேன்.

மேலூர் அம்மா:
மணல் வைக்கிறேன் அண்ணே. அந்த 11 வரியைப் பிரிண்ட் எடுத்து நோட்டில் ஒட்டியாயிற்று, கீழே அவன் பெயரை மட்டும் கையால் எழுதியிருக்கிறான். திங்கட்கிழமை டீச்சரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.