ஏசிசிஏ எஃப்ஆர் தாள்: எல்லாப் பாடத்தையும் முடிப்பதா, பெரிய பாடங்களை ஊன்றிப் படிப்பதா?

பேரேடு:
கணக்காளர் தகுதித் தேர்வான ஏசிசிஏ-வில் ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங் (எஃப்ஆர், நிதி அறிக்கையிடல்) தாளுக்குப் படிக்கிறவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் கேள்வி இது. பத்து வாரம், வாரத்துக்கு 12 மணி நேரம், ஆக 120 மணி நேரம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாடத்திட்டத்திலோ இருபதுக்கும் மேற்பட்ட கணக்கியல் நியமங்கள். எல்லாவற்றையும் ஒரு சுற்று முடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போவதா? கன்சாலிடேஷன் (தாய், துணை நிறுவனங்களின் கணக்கை ஒரே குழுமக் கணக்காகச் சேர்ப்பது), லீஸ் (குத்தகை), வருவாய், இம்பேர்மென்ட் (சொத்தின் மதிப்பிழப்பு) என்று நான்கைந்தை ஊன்றிப் படித்து, மற்றதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவதா?

புதிதாக வருகிறவர்களுக்குத் தாளின் அமைப்பு: 3 மணி நேரம், 100 மதிப்பெண், 50 எடுத்தால் தேர்ச்சி. ஏ பிரிவில் 15 கொள்குறி வினா. பி பிரிவில் மூன்று சூழல், ஒவ்வொன்றிலும் ஐந்து வினா. இந்த 30 வினாவுக்கும் தலா 2 மதிப்பெண். சி பிரிவில் 20 மதிப்பெண் வீதம் இரண்டு பெரிய கேள்வி. சாய்ஸ் கிடையாது, எல்லாம் கட்டாயம்.

என் கட்சி ஆழம்தான். அகல உழுவதைவிட ஆழ உழுவதே மேல். சி பிரிவில் வருவது நிதி அறிக்கை தயாரிப்பதும் அதை அலசுவதும். இது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். அந்த 40-இல் 30 எடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டால், மீதி 60-இல் 20 போதும்.

ஐந்தொகை:
அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 60-இல் 42 எடுத்தால், 40-இல் 8 போதும். எது மலிவு என்பதுதான் கேள்வி.

ஐஏஎஸ், ஐஎஃப்ஆர்எஸ் என்று எண்ணோடு வரும் சர்வதேசக் கணக்கியல் நியமங்களில் சின்னவற்றைப் பாருங்கள். ஐஏஎஸ் 41: உயிரியல் சொத்தை, நியாய மதிப்பிலிருந்து விற்பனைச் செலவைக் கழித்துக் காட்டு, மாற்றம் லாப நட்டத்துக்குப் போகும். ஐஏஎஸ் 23: சொத்துக்கான செலவு, கடன் வட்டி, வேலை ஆகிய மூன்றும் தொடங்கிய பிறகுதான் வட்டியைச் சொத்தில் ஏற்று, வேலை நீண்ட காலம் நின்றால் ஏற்றுவதையும் நிறுத்து. ஐஎஃப்ஆர்எஸ் 5: விற்பனைக்கு என்று வகைப்படுத்திய நாளோடு தேய்மானம் நின்றுவிடும். இவை ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. கன்சாலிடேஷனில் 20-க்கு 14 எடுக்கிறவர் 18-க்கு ஏற எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும்? அந்த நேரத்தில் ஏழெட்டுச் சின்ன நியமங்களை முடித்துவிடலாம்.

பி பிரிவையும் மறக்காதீர்கள். அங்கே ஒரு சூழலுக்கு 10 மதிப்பெண். நீங்கள் ஒரு பார்வையோடு விட்ட பாடத்தைச் சுற்றியே ஒரு சூழல் அமைந்துவிட்டால், ஐந்து வினாவும் ஒரே அடியில் ஆட்டம் காணும்.

இருப்பாய்வு:
இரண்டு பேருமே ஒன்றை அப்படியே ஏற்றுக்கொண்டு பேசுகிறீர்கள்: கொள்குறி வினா என்றால் அகலம், பெரிய கேள்வி என்றால் ஆழம். மதிப்பெண் போடும் முறையைப் பார்த்தால் கிட்டத்தட்ட நேரெதிர்.

சி பிரிவைத் திருத்துகிறவர் வரி வரியாகப் பார்க்கிறார். முந்தைய வரியில் எண் தவறியிருந்தாலும், அந்தத் தவறிய எண்ணை வைத்து அடுத்த வரியை முறையாகச் செய்திருந்தால் அதற்கு மதிப்பெண் உண்டு. அரைகுறையாகத் தெரிந்தவருக்கும் அங்கே ஏதோ கிடைக்கும். கொள்குறியில் அந்தக் கருணை இல்லை. 2 அல்லது 0.

ஓர் எடுத்துக்காட்டு. தாய் நிறுவனத்துக்குத் துணை நிறுவனத்தில் 80% பங்கு. துணை நிறுவனம் தாய்க்கு 60,000-க்குச் சரக்கு விற்கிறது, அடக்கத்தின் மேல் 25% லாபம் வைத்து. ஆண்டு முடிவில் பாதிச் சரக்கு தாயிடம் கிடக்கிறது. குழுமத்தின் சேர்த்து வைத்த லாபத்திலிருந்து எவ்வளவு கழிக்க வேண்டும்?

மேலோட்டமாகப் படித்தவர் 30,000 × 25% = 7,500 என்பார். இன்னும் கொஞ்சம் தெரிந்தவர், 25% என்பது அடக்கத்தின் மேல் என்று கவனித்து 30,000 × 25/125 = 6,000 என்பார். முழுதாகத் தெரிந்தவர்தான், விற்றது துணை நிறுவனம், ஆகவே 20% சிறுபான்மைப் பங்குதாரர்கள் தலையில் என்று பிரித்து 4,800-க்கு வருவார். நான்கு விடைகளில் 7,500-உம் இருக்கும், 6,000-உம் இருக்கும். தவறான விடைகளை வினா அமைப்பவர் சும்மா போடுவதில்லை. வழக்கமாக எங்கே சறுக்குவார்களோ அந்த எண்ணைத்தான் வைக்கிறார். நுனிப்புல் மேய்ந்தவருக்குத் தன் விடை அங்கேயே கண்ணில் படும், திருப்தியோடு குறித்துவிட்டுப் போவார்.

பேரேடு:
நான் சொன்னதும் இதைத்தானே. ஆழம் வேண்டும்.

ஐந்தொகை:
இல்லை. இருப்பாய்வு எடுத்துக்கொண்டது கன்சாலிடேஷன். அது உங்கள் ‘பெரிய பாடங்கள்’ பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது. பட்டியலுக்கு வெளியே உள்ள பதினைந்து நியமங்களுக்கு என்ன பதில்?

அதோடு, சி பிரிவின் அலசல் கேள்வியை வெறும் ஆழம் என்று நினைப்பதும் சரியில்லை. விகிதங்களைக் கணக்கிட்டுவிட்டு ‘ஆர்ஓசிஇ (ஈடுபட்ட மூலதனத்தின் மேல் கிடைக்கும் லாப விகிதம்) குறைந்துள்ளது, இது நல்லதல்ல’ என்று எழுதினால் மதிப்பெண் நகராது. ஏன் குறைந்தது என்று சொல்ல வேண்டும். அந்த ஆண்டு கட்டடத்தை மறுமதிப்பீடு செய்து மதிப்பை உயர்த்தியிருப்பார்கள்: ஈடுபட்ட மூலதனம் கூடும், தேய்மானம் கூடி லாபம் குறையும், இரண்டும் சேர்ந்து ஆர்ஓசிஇ-யை இழுக்கும். அதே மறுமதிப்பீடு பங்குதாரர் நிதிப் பக்கத்தை உயர்த்துவதால் கியரிங்கை, அதாவது மூலதனத்தில் கடனின் விகிதத்தை, குறைத்தும் காட்டும். செயல்பாடு துளியும் மாறவில்லை, கணக்குக் கொள்கைதான் வேலை செய்திருக்கிறது. கட்டடம், இயந்திரம் போன்ற நிலைச் சொத்துகளுக்கான ஐஏஎஸ் 16-ஐ ஒதுக்கியவர் இந்தப் பத்தியை எழுதவே முடியாது.

இருப்பாய்வு:
இதில் உங்கள் பக்கம்தான் நான். எந்தப் பாடத்தையும் முழுதாக விடக் கூடாது. பாடத்துக்கு உள்ளே எதை விடுவது என்பதுதான் என் கேள்வி.

எந்த நியமத்தை எடுத்தாலும் நான்கு கேள்வி: எப்போது ஏட்டில் ஏறும், எந்தத் தொகையில் ஏறும், பிறகு ஆண்டுதோறும் எப்படி மாறும், எப்போது வெளியேறும். இது அரைப் பக்கம். அதன்பின், அந்த நியமத்தில் எல்லாரும் குழம்பும் ஒரே இடத்தைக் கண்டுபிடித்து, அதில் மட்டும் கை தேறும் வரை கணக்குப் போட வேண்டும். நியமம் முழுக்க ஆழம் தேவையில்லை.

லீஸை எடுங்கள். 5 ஆண்டு, ஆண்டுக்கு 10,000, வட்டி 10%. ஆண்டு முடிவில் கட்டினால் தொடக்கக் கடன் 10,000 × 3.791 (10% வட்டியில் ஐந்து தவணையின் இன்றைய மதிப்புக் காரணி) = 37,910. ஆண்டுத் தொடக்கத்தில் கட்டினால் முதல் தவணை அன்றே தீர்ந்துவிடும். கடன் மீதி நான்கு தவணைக்குத்தான், 10,000 × 3.170 = 31,700. பயன்பாட்டுரிமைச் சொத்து மட்டும் 41,700, கட்டிய தவணையும் அதில் சேர்வதால். குழப்பம் இதற்கு அடுத்த படியில். தொடக்கத்தில் கட்டும் லீஸில் முதல் ஆண்டு முடிவில் கடன் 31,700 + வட்டி 3,170 = 34,870. மறுநாளே 10,000 கட்டப் போகிறோம், ஆகவே நடப்புக் கடன் முழு 10,000, நீண்டகாலக் கடன் 24,870. ஆண்டு முடிவில் கட்டும் லீஸில் இப்படிப் பிரிக்கக் கூடாது. இரண்டாம் ஆண்டையும் போட்டுப் பார்த்து, அதன் இறுதி இருப்பைத்தான் நீண்டகாலம் என்று எடுக்க வேண்டும். இந்த இரண்டையும் அடுத்தடுத்து பத்து முறை போட்டவர் லீஸில் பெரும்பாலும் தவறு செய்யமாட்டார். விற்று மீண்டும் குத்தகைக்கு எடுக்கும் பகுதியில் முதல் சுற்றில் நேரம் போட வேண்டாம். இரண்டாம் சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

குறிப்பேடு:
படிக்க நன்றாக இருக்கிறது. 120 மணி நேரத்தை எப்படிப் பங்கிடுவது? ஒரு பாடத்தை விட்டு அடுத்ததற்கு எப்போது நகர்வது? அதைச் சொல்லுங்கள். பலர் கன்சாலிடேஷனிலேயே நான்கு வாரம் நின்றுவிடுகிறார்கள்.

இருப்பாய்வு:
முதல் சுற்று 50 மணி நேரம், எல்லாப் பாடமும், படித்த அன்றே அதற்கான வினாக்களோடு. அடுத்த 40 மணி நேரம் சி பிரிவுக் கேள்விகளும் தவறிய வினாக்களும். கடைசி 30 முழு மாதிரித் தேர்வுகளும் அவற்றைத் திருத்துவதும்.

நகர்வதற்கு ஓர் அளவுகோல்: முன்பு பார்க்காத 10 கொள்குறி வினாவில் 7 சரி. அடுத்த வாரம் வேறு 10 வினாவில் மறுபடியும் 7. இரண்டும் ஆனால் அந்தப் பாடத்தைத் திறக்காதீர்கள். தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள்: விதியே தெரியாது என்றால் ‘வி’, இரண்டு விதிகளைக் கலந்துவிட்டேன் என்றால் ‘க’, கூட்டல் பெருக்கல் பிழை என்றால் ‘பி’. ‘வி’ நிறைய இருந்தால் அகலம் போதவில்லை, பாடத்துக்குத் திரும்புங்கள். ‘க’ நிறைய இருந்தால் ஆழம் போதவில்லை. அந்த இரண்டு விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள். மறுபடி பாடம் வாசிப்பது ‘க’-வைத் தீர்க்காது, அது நேர விரயம்.

ஐந்தொகை:
அளவுகோல் நன்று. மாதிரித் தேர்வைக் கடைசி 30 மணி நேரத்துக்குத் தள்ளுவதைத்தான் ஏற்கமாட்டேன். ஐந்தாம் வார முடிவிலேயே ஒரு முழுத் தேர்வு எழுத வேண்டும், தோற்றாலும் பரவாயில்லை. 180 நிமிடம், 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். ஏ பிரிவுக்கு 54, பி-க்கு 54, சி-க்கு 72. ஊன்றிப் படித்தவர்கள் கவிழ்வது இங்கேதான். குழும ஐந்தொகை பொருந்தவில்லை என்று 36 நிமிடக் கேள்வியில் 55 நிமிடம் உட்காருவார்கள். அலசல் கேள்விக்கு 17 நிமிடம் மிஞ்சும். பொருந்தாத வித்தியாசத்துக்குப் போகிற மதிப்பெண் ஒன்றோ இரண்டோ. எழுதாத அலசலுக்குப் போவது பத்து. ஒன்பதாம் வாரத்தில் இது தெரிந்தால் பழக்கத்தை மாற்ற அவகாசமில்லை.

பேரேடு:
ஐந்தாம் வாரத் தேர்வை ஏற்கிறேன். ஆனால் அதற்குள் எல்லாப் பாடத்தையும் முடித்தே ஆக வேண்டும் என்ற அவசரத்தில்தான் நுனிப்புல் மேய்வது தொடங்குகிறது. கன்சாலிடேஷனை முதல் இரண்டு வாரத்தில் வைத்தே தீர வேண்டும். பிறகு லீஸோ வருவாயோ படிக்கும்போது, அது குழுமக் கணக்கில் எந்த வரியைத் தொடுகிறது என்று கை தானாகத் தேடும். கடைசியில் வைக்கிறவர்களுக்கு அந்த இணைப்பு வராது.

குறிப்பேடு:
மூன்று வாரம்தான் மிச்சம் என்கிறவர்கள் பங்கொன்றுக்கான லாபத்தை (இபிஎஸ்) கணக்கிடும் ஐஏஎஸ் 33-இல் ரைட்ஸ் இஷ்யூவை (இருக்கும் பங்குதாரர்களுக்குச் சலுகை விலையில் புதுப் பங்கு வெளியிடுவதை) விட்டுவிடலாமா?

பேரேடு:
விடலாம். அதிகம் போனால் 2 மதிப்பெண்.

ஐந்தொகை:
விட வேண்டாம், இருபது நிமிட வேலை. கையில் உள்ள 4 பங்குக்கு 1 புதுப் பங்கு, சந்தை விலை 2.00, வெளியீட்டு விலை 1.50. வெளியீட்டுக்குப் பிந்தைய கோட்பாட்டு விலை (4 × 2.00 + 1 × 1.50) ÷ 5 = 1.90. வெளியீட்டுக்கு முந்தைய மாதங்களின் பங்கு எண்ணிக்கையை 2.00/1.90 ஆல் பெருக்கு. சென்ற ஆண்டு இபிஎஸ்ஸை 1.90/2.00 ஆல் பெருக்கு. தவறுவது பின்னத்தைத் தலைகீழாகப் போடுவதில்தான். பங்குகள் கூடும், பழைய இபிஎஸ் குறையும்; விடை அந்தத் திசையில் போகிறதா என்று மட்டும் பார்த்துக் குறியுங்கள்.