வேதம் தினமும் வாசிக்கிறேன், ஆனால் ஆள் மாறவில்லையே?

வெள்ளவத்தையான்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஒரு வருட பைபிள் வாசிப்புத் திட்டத்தைப் போனில் போட்டு, காலையில் கொழும்புக் காலி வீதியில் பஸ் நகராமல் நிற்கிற நேரத்தில் வாசித்து வருகிறேன். மொத்தம் 1,189 அதிகாரம், நாளுக்கு மூன்று நாலு. ஆதியாகமம் கதை மாதிரி ஓடியது, சட்டங்களாகவே வருகிற லேவியராகமம் வந்ததும் கண் மட்டும்தான் வாசிக்கிறது, மனது எனக்கு முன்னாலேயே கோட்டையில் இறங்கிவிடுகிறது. அதுகூடப் பரவாயில்லை. வேலையிடத்தில் அதே கோபம், வீட்டில் அதே சிடுசிடுப்பு. வசனம் நம்மை மாற்றும் என்று சபையில் சொல்கிறார்களே, அது தானாக நடக்குமா, இல்லை நான் ஏதாவது செய்ய வேண்டுமா?

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி, நான் கத்தோலிக்க ஆள், எங்கள் பழக்கம் கொஞ்சம் வேறு. ஞாயிறு வாசகங்கள் மூன்று வருடச் சுற்றில் வரும், அடுத்த ஞாயிறு நற்செய்தியை நாங்கள் சில பேர் முன்கூட்டியே கூடி வாசிப்போம். ஒரே பகுதியை மெதுவாகத் திரும்பத் திரும்ப, நடுவில் பேசாமல் இருப்போம், அப்புறம் எந்த வரி பிடித்து இழுத்தது என்று ஒவ்வொருவரும் சொல்லி, அதை வைத்தே செபம். 12ஆம் நூற்றாண்டிலேயே இரண்டாம் கிகோ என்ற துறவி இதைப் படிப்படியாக எழுதி வைத்திருக்கிறார். ஒருமுறை பணக்காரனும் லாசரும் உவமை வந்தது (லூக்கா 16). வீட்டு வேலைக்குப் போகிற ஒருவர் சொன்னார், அந்தப் பணக்காரன் லாசரை அடித்தான், துரத்தினான் என்று எங்கேயும் இல்லை, வாசலில் கிடந்தவனை அவன் கணக்கில் எடுக்கவே இல்லை என்று. எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், எனக்கு அது உறைக்கவே இல்லை. தனியாக வாசித்தால் நமக்கு வசதியானதுதான் கண்ணில் படும்.

தெஹிவளை அங்கிள்:
மகன், லேவியராகமத்தைத் தள்ளிவிட வேண்டாம். 19ஆம் அதிகாரம் 13ஆம் வசனம் பாருங்கள், கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக்கூடாது. இதற்கு விளக்கவுரை எதற்கு? மேசனுக்கோ வீட்டில் வேலை செய்கிறவருக்கோ "நாளைக்கு வாங்கோ" என்று சொல்லாமல் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதே அதிகாரத்தில்தான் பிறனை உன்னைப்போல நேசி என்பதும் வருகிறது. கேட்டுவிட்டுச் செய்யாதவன் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு மறந்து போகிறவன் என்று புதிய ஏற்பாட்டில் யாக்கோபு தன் நிருபத்தில் சொல்கிறார். உங்கள் கோபத்துக்கும் முதல் அதிகாரத்திலேயே சொல்லியிருக்கிறார்: கேட்பதற்குத் தீவிரம், பேசுவதற்கும் கோபிப்பதற்கும் தாமதம். ஒரு வாரம் அதை மட்டும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்ப் பாருங்கள், திட்டம் பிந்தினால் பிந்தட்டும்.

பம்பலப்பிட்டி தங்கச்சி:
அங்கிள் சொல்வது சரி, ஆனாலும் திட்டத்தை விட வேண்டாம் அண்ணா. துண்டு துண்டாக மட்டும் வாசித்தால் என்ன ஆகும் தெரியுமா? புதுவருட ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள், அதில் எரேமியா 29:11 (உங்களுக்கு நல்ல எதிர்காலம் தருவேன் என்கிற வசனம்) வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் எழுபது வருடம் என்று இருப்பதை அட்டையில் யார் போடுகிறார்கள்? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது; வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்நியப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று சொன்ன பிறகுதான் அந்த வாக்குத்தத்தம். ஊரை விட்டுக் கொழும்புக்கு வந்த குடும்பம் எங்களுடையது. முழுக் கடிதத்தையும் வாசித்த பிறகுதான், இங்கே சும்மா தங்கியிருக்கிறோம் என்கிற நினைப்போடு வீட்டில் கதைப்பது கொஞ்சம் குறைந்தது.

வெள்ளவத்தையான்:
நன்றி எல்லோருக்கும். யாக்கோபு முதல் அதிகாரத்தை நாளைக்கே எடுக்கிறேன், திட்டம் சனி ஞாயிறில் மட்டும் போகட்டும். அக்கா, நீங்கள் கூடுகிற மாதிரி வெள்ளவத்தைப் பக்கம் ஏதாவது குழு இருக்கிறதா? எந்தச் சபை என்றாலும் சரி, வேலை முடிந்து பின்னேரம் வரக்கூடியதாக இருந்தால் போதும்.