2 நாள் குழந்தை பச்சையாக வாந்தி எடுக்கிறான்

தொண்டி தாய்மாமன்: தங்கச்சி மகன். பால் கொடுத்தால் கீரைச்சாறு போலக் கக்குகிறான். காட்டுப்பீ (பிறந்ததும் போகும் முதல் கருமலம்) இன்னும் போகவில்லை. வயிறு பேத்தை மீன் மாதிரி உப்பியிருக்கிறது. உரைமருந்து கொடுக்கலாம் என்கிறார் அம்மா.

பாம்பன் நர்ஸ் அக்கா: தம்பி, வாயில் எதுவும் வேண்டாம், பால்கூட. பச்சை நிறம் பித்தநீர். குடல் முறுக்கியிருந்தால் சில மணி நேரத்தில் அழுகிவிடும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மூக்குவழியே குழாய் விட்டு, டிரிப்ஸ் ஏற்றி, எக்ஸ்ரே எடுப்பார்கள். வாந்தி பட்ட துணியைத் துவைக்காமல் கொண்டுபோங்கள், டாக்டர் நிறத்தைப் பார்க்கட்டும்.

கீழக்கரை வாப்பா: என் மகளுக்கு வயிறுகூட உப்பவில்லை, பச்சை வாந்தி மட்டும்தான். எக்ஸ்ரேயில் இரண்டு காற்றுக் குமிழ், முன்சிறுகுடல் அடைப்பு. மதுரையில் 3-ஆம் நாள் ஆபரேஷன். இப்போது முரல் மீன் முள்ளோடு மல்லுக்கட்டுகிறாள்.

தொண்டி தாய்மாமன்: வண்டி ஏறிவிட்டோம். துணி கையில் இருக்கிறது.